நெல்லிமேல் வந்த பொறாமை

தோட்டத்துக்காரர் பொன்னுரங்கம் தன் பக்கம் வருவதையே விட்டுவிட்டார் என்று மாமரத்துக்கு ஒரே வயிற்றெரிச்சல். சர்க்கரை நோய் வந்ததிலிருந்து அவர் காலையில் எழுந்ததும் நெல்லி மரத்திடம்தான் போனார். சர்க்கரை கண்ணைக் கெடுக்குமாம், நெல்லிக்காய் அதைக் காக்குமாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கொத்துக் கொத்தாய்ப் பழுத்துத் தொங்கியும் மாமரத்தை அவர் தொடவில்லை.

“ஏண்டி, இந்தப் புளிப்பை வைத்துக்கொண்டு அவரை எப்படி மயக்கினாய்?” என்று ஒருநாள் மாமரம் கேட்டே விட்டது.

கீழே பொன்னுரங்கம் ஒரு காயைக் கடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார். மென்று விழுங்கியபின் கண்ணைத் திறந்து, மஞ்சள் மாம்பழங்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பார்த்தாயா அக்கா,” என்றது நெல்லி. “என்னை ஒரு தடவைகூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.”