மார்கழியில் சோளகம்

ரெண்டாந்தரம் சோறு போட அகப்பையைத் தூக்கேக்கதான் அந்த மனுசன் சொன்னார்.

“றெக்ஸன் செத்துப் பதினாலு வருசமாச்சு, தங்கச்சி.”

அகப்பை கையால நழுவிச் சட்டிக்குள்ள விழுந்திட்டுது.

றெக்ஸன் என்ர மனுசன் அல்பிரட்டின்ர உயிர்க் கூட்டாளி. எழுவைதீவில ரெண்டுபேரும் ஒரே வள்ளத்தில தொழிலுக்குப் போனவை. பிறகு அவன் இயக்கத்துக்குப் போய், கடைசிச் சண்டையில பிடிபட்டிட்டான். ‘வலது கை ஏலாது, தில்லைநாதன் அண்ணைதான் எழுதித் தாறார், அவற்ர பேருக்கே பதில் போடு’ எண்டு சிறையில இருந்து போட்ட முதல் கடிதத்திலயே எழுதியிருந்தான்.

அந்தத் தில்லைநாதன்தான் விடுதலையாகி, மத்தியானப் படகில வந்து எங்கட குசினியில இருந்து சாப்பிடுறார்.

“அப்ப போன மாசம் வந்த கடிதம்?”

“நான் எழுதினது.”

“நத்தாருக்கு, பாலன் பிறப்புக்கு வந்தது?”

“அதுவும் நான்தான். காயம் ஆறாமல் காய்ச்சலில போனவன், தங்கச்சி. ‘அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை, எழுதிக்கொண்டிரு’ எண்டு கையைப் பிடிச்சுக் கேட்டவன். பிறகு பிறகு...” அவர் தலையைக் குனிஞ்சார். “உங்கட பதிலுக்காகவும்தான் எழுதினன். எனக்குக் கடிதம் போட ஒருத்தரும் மிஞ்சேல்லை.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது.

“உமக்கு நெஞ்சு எண்டு ஒண்டு இருக்கோ? அவன்ர அம்மா, ஞானசவுந்தரி மாமி, எங்களோடதான் இருக்கிறா, உள்ளுக்கப் படுத்திருக்கிறா. மகன் வந்தா உடுக்கவெண்டு ஒரு புதுச் சாரத்தை வருசக்கணக்காக் காயப்போட்டுக் காயப்போட்டு மடிச்சு வைக்கிறா. செத்த பிள்ளைக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தக்கூட விடாமப் பண்ணிப்போட்டீரே!”

“சுகந்தி, சத்தம் போடாதை,” எண்டார் பக்கத்தில இருந்த என்ர மனுசன். “எனக்கு உது எப்பவோ தெரியும்.”

“எப்பிடி?” எண்டு இவரைப் பாத்தன்.

“ஒருக்கால் நத்தார்க் கடிதத்தில ‘சோளகம் நல்லா வீசுதோ, மீன் படுதோ’ எண்டு கிடந்தது. மார்கழியில இஞ்ச வாடையெல்லோ வீசும்? சோளகக் காத்து வைகாசியிலதான் வரும். றெக்ஸன் அப்பிடிக் கேப்பானோ? நான் வாசிச்சு முடிச்சாப்பிறகுதான் யோசிச்சனான். நல்ல காலம், மாமிக்கு விளங்கேல்லை.”

“நான் முத்தையன்கட்டில வயல் செய்த கமக்காரன்,” எண்டார் தில்லைநாதன். “எனக்குக் காத்தைப் பற்றி என்ன தெரியும்? அவன் எந்நேரமும் சோளகம், சோளகம் எண்டு கதைச்சவன்.”

“சரி அண்ணை. மாமிக்கு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ. அந்த மனுசி தாங்காது.”

“என்ன தாங்காது?”

திரும்பிப் பாத்தா, வாசலில ஞானசவுந்தரி மாமி. எவ்வளவு நேரமா நிண்டாவோ, மாதாவுக்குத்தான் தெரியும்.

“மெழுகுதிரி கொளுத்தேல்லை எண்டு ஆர் சொன்னது, சுகந்தி? வருசாவருசம் சேமக்காலையில ரெண்டு கொளுத்திறனான். ஒண்டு மனுசன்ர கல்லறையில. மற்றது ஆருக்கெண்டு நீங்கள் ரெண்டுபேரும் ஒருநாளும் கேக்கேல்லை.”

“மாமி...”

“அல்பிரட் வாசிக்கேக்க நானும் கேட்டனான்தானே? நான் பிறந்து வளந்தது இந்தக் கரையில. என்ர வயித்தில பிறந்தது மார்கழியில சோளகம் கேக்குமோ?”

“அப்ப ஏன் மாமி, ஒவ்வொரு மாசமும் பக்கத்தில இருந்து சொல்லிச் சொல்லிப் பதில் எழுதுவிச்சனீங்கள்?” எனக்கு அழுகை வந்திட்டுது.

மாமி கதிரையை இழுத்துத் தில்லைநாதனுக்குப் பக்கத்தில இருந்தா. அந்தாள் நிமிரவேயில்லை. கண்ணீர் சோத்துக்குள்ள விழுகுது.

அவற்ர சோத்துக் கோப்பையைத் தன்ர பக்கம் இழுத்து, மீனை உதிர்த்து, முள்ளு முள்ளா எடுத்து ஓரத்தில வைச்சா.

“கமக்காரப் பிள்ளைக்கு உது எடுக்கத் தெரியாது,” எண்டு கோப்பையைத் திருப்பித் தள்ளினா. “அழாமச் சாப்பிடு மோனை. சாப்பிட்டிட்டுக் கிணத்தடியில போய் முழுகு. உனக்கெண்டு ஒரு சாரம் எத்தினை வருசமா மடிச்சு வைச்சிருக்கிறன்.”