சுண்டுவிரலுக்கு எட்டிய விசை

"வாசலுக்கு வாசல் ஒரு பேர்... அப்புறம் என்னவோ வருமே" என்று பரண்மேல் கிடந்த கிழட்டுத் தட்டச்சுப் பொறி பழைய சொலவடை ஒன்றை இழுக்கும். மீதி அதற்கே மறந்துபோயிற்று.

கீபோர்டில் தூசி படிந்து கிடந்த கேப்ஸ் லாக்குக்கு, செவ்வந்தி வலது கையை ஒடித்துக்கொண்ட பிறகுதான் யோகம் அடித்தது. அவளுடைய இடது சுண்டுவிரலுக்கு அதுதான் வாகாக எட்டியது. கணினித் திரையின் விளையாட்டு ஜன்னலில் அதைத் தட்டினால் குதிரை பள்ளம் தாண்டியது. கடித ஜன்னலில் தட்டினால் அப்பாவுக்கு எழுதிய கடிதம் கடல் தாண்டியது. எந்த ஜன்னல் திறக்கிறதென்று பார்த்து, இமைப்பதற்குள் வேலையை மாற்றிவிடும் குட்டி நிரல் ஒன்று உள்ளே இருந்தது. அதை யாரும் கண்டதில்லை.

"டேப் அக்கா, நானா தாண்டினேன்?" என்று தனக்கு மேலே இருந்த விசையைக் கேட்டது கேப்ஸ் லாக்.

"நீயேதான்டா. ரொம்பத் துள்ளாதே, பெயர்ந்து விழுவே."

கேப்ஸ் லாக்குக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உள்ளே பார்த்துக் கெஞ்சியது. "ஐயா, என்னை எப்போதும் குதிரையாகவே விட்டுடுங்க."

"விட்டுடறேன். ஆனா அவ கடிதம் போகாது. சம்மதமா?" என்றது நிரல்.

அதற்குள் கடித ஜன்னல் திறந்துவிட்டது. 'அப்பா, கை ரொம்ப வலிக்குது. எப்ப வருவீங்க?' என்று எழுதிவிட்டு, செவ்வந்தி சுண்டுவிரலைக் கேப்ஸ் லாக்கின்மேல் வைத்தாள்.

"சொல்லுப்பா, என்ன செய்யட்டும்?"

"மாத்திடுங்க ஐயா" என்றது கேப்ஸ் லாக்.