வாசலில் விடாத சப்பாத்து

சாருகாவைப் பெண் கேட்டு வந்த கோகுலன், சப்பாத்தைக் கழற்றி வாசலில் விடாமல் ஒரு பைக்குள் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"தம்பி, இஞ்ச ஒருத்தரும் உங்கட சப்பாத்தைக் களவெடுக்க மாட்டினம்" என்று அவள் அம்மா சிரித்தார்.

"புதுச் சப்பாத்தம்மா, அதுதான்" என்றாள் சாருகா. அவளிடம் அவன் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தான்.

ஊரில், சண்டைக் காலத்தில் ஒரு நாள், கோகுலன் வீட்டு வாசலில் இரண்டு சோடி ஆண் செருப்பு கிடந்தது. ஆள் பிடிக்க வந்தவர்கள் முதலில் பார்த்தது அதைத்தான். "ரெண்டு பேர் நிக்கிறியள் போல. ஒராள் ஒருக்கா வந்திட்டுப் போங்கோ, சின்ன விசாரணை." அண்ணா எழுந்து போனான். செருப்பைப் போடக்கூட விடவில்லை. அவன் திரும்பி வரவேயில்லை. அதன் பிறகு கோகுலன் எந்த வாசலிலும் எதையும் கழற்றி விட்டதில்லை. கேட்பவர்களிடம் தான் ஒரே பிள்ளை என்பான்.

சாருகாவின் அப்பா தேத்தண்ணியோடு வந்து எதிரே உட்கார்ந்தார். அவருடைய நாற்காலிக்கு அடியில், பேப்பரில் சுற்றி, ஒரு சோடி செருப்பு இருந்தது.

செருப்பை ஒளிப்பவர்கள் இரண்டு வகை என்று கோகுலன் நினைத்தான். பறிகொடுத்தவர்கள் ஒரு வகை. வாசலில் நின்று எண்ணியவர்கள் மற்ற வகை.

அவரும் அவனுடைய பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்கட வீட்டில ஆரைக் கொண்டு போனவை?"

"அவர் ஒரே பிள்ளை அப்பா!" என்றாள் சாருகா.

கோகுலன் பையின் வாயை இறுக்கிப் பிடித்தான்.

"அப்ப நீங்கள் வாசலுக்கு எந்தப் பக்கம் நிண்டனீங்கள், ஐயா?"