ஈரவேட்டிக்காரருக்கும் வக்காலத்து

உயர்நீதிமன்ற உத்தரவுக்கு அடங்காதது உலகத்திலேயே கிடையாது என்பார் இராமநாதபுரம் வக்கீல் சேதுராமன்.

தனியாகப் போன பொன்னுச்சாமியை விமான நிலையச் சோதனையில் இரண்டு தடவை, "கூட வந்த ஈரவேட்டிப் பெரியவர் எங்கே?" என்று சந்தேகப்பட்டுத் திருப்பியனுப்பிவிட்டார்கள். இன்னொரு தடவை தவறினால் துபாய் வேலை போய்விடும் என்று வக்கீலிடம் வந்தான்.

"தனுஷ்கோடியில எங்கப்பா அஸ்தியக் கரைச்சிட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னாங்க. பாத்துட்டேன், சார்."

"ஏலே, திரும்பிப் பாத்தா கழுத்துதாம்ல சுளுக்கும்! அவருக்கும் சேத்து நானே வக்காலத்து வாங்குறேன், போ."

பொன்னுச்சாமியைத் தடுக்கக் கூடாதென்று உயர்நீதிமன்ற உத்தரவு கிடைத்தது. வக்கீலே கூடப் போனார். பொன்னுச்சாமியை யாரும் மறிக்கவில்லை. கையசைத்துவிட்டு உள்ளே போனான். சிரித்தபடி திரும்பிய வக்கீலை வாசல் காவலர் நிறுத்தினார்.

"சார், உங்க பின்னால வர்ற பெரியவருக்குத் துண்டு குடுங்க. தரையெல்லாம் சொட்டுது."

சேதுராமன் தோள்துண்டை எடுத்துப் பின்பக்கமாக நீட்டினார். வாங்கிக்கொள்ளப்பட்டது. அவர் நேரே பார்த்தபடி நடந்தார்.