கடைசித் தவளையின் விண்ணப்பம்

கோடை முற்றி, காட்டில் ஒரே ஒரு சுனையில்தான் தண்ணீர் மிச்சம் இருந்தது. அழியப்போகிற ஏதாவது ஓர் இனத்துக்கு அதை ஒதுக்குவது என்று முடிவாகி, விண்ணப்பம் வாங்க ஆமையை உட்கார வைத்தார்கள்.

முதலில் வந்தது ஓர் ஊதாத் தவளை.

"ஐயா, எங்க இனத்துல நான் ஒருத்திதான் பாக்கி. சுனையை எனக்குக் குடுங்க."

"வாயால சொன்னா ஆச்சாம்மா? உன் இனத்துல ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

"ரெண்டு பேர் இருந்தா நான் எப்படிங்கய்யா கடைசி ஆவேன்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. படிவத்துல ரெண்டு கட்டம் இருக்கு. காலியா விட்டா மேலிடத்துல திருப்பி அனுப்பிடுவாங்க."

தவளைக்குப் பின்னால் நின்ற காக்கை, "நான் வேணா போடட்டுமா?" என்றது.

"வேற இனம் செல்லாது. அது சரி, உன் சாட்சி எங்கே?"

காக்கை பழக்கதோஷத்தில் ஒரு குரல் கொடுத்தது. ஐந்நூறு காக்கைகள் வந்து இறங்கி, கட்டம் போதாமல் படிவத்தின் பின்பக்கத்திலும், அதுவும் போதாமல் ஆமையின் முதுகிலும் கையெழுத்துப் போட்டன.

ஆமைக்குக் கண் கலங்கிவிட்டது. "என் சர்வீஸ்லயே இப்படிப் பக்காவான விண்ணப்பத்தைப் பார்த்ததில்லை!" என்று சுனையைக் காக்கைகளுக்கு ஒதுக்கி முத்திரை குத்தியது.

"சுனையா? யாரோ நிக்கிறாங்களேன்னு நானும் பின்னால நின்னேன், அவ்வளவுதான்" என்றது காக்கை.

தவளை நகராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. ஆமைக்கே பாவமாகிவிட்டது.

"மனசை விட்டுடாதேம்மா. அடுத்த வருஷமும் விண்ணப்பம் வாங்குவோம். குடும்பத்தோட வா."