மிஞ்சியது எந்த ஊர்?

மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம் கேட்டதும், சுவாதி கம்ப்யூட்டர் திரையை அணைத்துவிட்டாள். வந்தவர் கன்னியப்பன். இந்த நேரத்தில் யார் வந்தாலும் இவர் மட்டும் வரக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, திருட்டு முழி முழிக்கிற? கரண்ட் இல்லியா?" என்றபடி போண்டாப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார்.

"இருக்குதுண்ணே."

செஞ்சி கடைத்தெருவில், கடலை எண்ணெய்க் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தச் சிறிய தொண்டு நிறுவனம். சுவாதி அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள்; கன்னியப்பன் களப்பணியாளர். முப்பத்திரண்டு ஊர்களுக்குப் போய், குடிதண்ணீருக்கு மக்கள் படும் பாட்டை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிவரச் சொல்லி இரண்டு மாதம் கொடுத்திருந்தார்கள். நேற்றுதான் பென் டிரைவைக் கொண்டுவந்து தந்தார்.

இன்று மாலை ஐந்து மணிக்குள் எல்லாம் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். அறிக்கை வந்த ஊருக்குத்தான் இந்த வருடம் தண்ணீர்த் தொட்டி. வராத ஊருக்குக் கிடையாது.

பென் டிரைவில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர். ஒன்றியத்துக்குள் ஊராட்சி, ஊராட்சிக்குள் ஊர், ஊருக்குள் ஒரே ஒரு ஃபைல். அலுவலக வழக்கப்படி எல்லா ஊர் ஃபைலுக்கும் kurai.txt என்றுதான் பெயர். தொண்டூரா, சிங்கவரமா என்பது மேலே இருக்கும் ஃபோல்டரைப் பார்த்தால்தான் தெரியும்.

காலையில் உட்கார்ந்தபோது, ஒவ்வொன்றாகத் திறந்து எடுக்க அவளுக்குச் சோம்பலாக இருந்தது. அலுவலகக் கம்ப்யூட்டரில் லினக்ஸ். கல்லூரியில் படித்ததை வைத்து முதலில் ஒரு பட்டியல் எடுத்தாள். முப்பத்திரண்டு வரிகள், வரிக்கு வரி ஃபைலின் அளவு 2914 பைட். ஒரு ஊரும் விட்டுப்போகவில்லை என்ற திருப்தியில் அடுத்த கட்டளையைத் தட்டினாள்.

find . -name kurai.txt -exec mv {} ../mottam \;

தேடு, கிடைத்ததையெல்லாம் 'மொத்தம்' என்ற ஃபோல்டருக்கு நகர்த்து. கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது. திறந்து பார்த்தாள். உள்ளே ஒரே ஒரு ஃபைல்.

அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். ஒரு ஊர் வந்து உட்கார, அடுத்த ஊர் அதை அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. கடைசியாக வந்த ஊர் மட்டும் மிச்சம். நகர்த்திவிட்டதால் பழைய ஃபோல்டர்களிலும் ஒன்றும் இல்லை. அது எந்த ஊர் என்பதும் தெரியவில்லை.

அதைப் படித்தாள். 'எம் மருமவ நிறமாசத்துல கொடத்தோட வரப்புல உழுந்தா. அன்னிலேருந்து கொடத்த அவ கையில நான் குடுக்கறதில்ல' என்று யாரோ ஒரு பெண் சொல்லியிருந்தாள். இதுபோல இன்னும் எத்தனை பேர் சொன்னதை ஒரு வரியில் அழித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் மாடிப்படியில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டது.

பென் டிரைவ் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். சொல்லத்தான் இருந்தாள். கன்னியப்பன் ஒரு போண்டாவை எடுத்து நீட்டி, "சாப்டியா, இல்லியா?" என்று கேட்டதும் அவளால் முடியவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. வேறெங்காவது காப்பி இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இல்லை என்று தலையசைத்தார். நகர்ந்து போய், வெளியே ராஜகிரி மலைக்கோட்டையைப் பார்த்தபடி ஜன்னலோரம் நின்றார்.

திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. தப்பு தன்னுடையது மட்டும்தான், சென்னைக்கு இப்போதே போன் போட்டு அப்படியே சொல்லிவிடுகிறேன், நாலு நாள் தவணை கேட்கிறேன் என்றாள். வேலை போனாலும் போகட்டும் என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"அழுவாத சுவாதி."

"உங்க ரெண்டு மாச உழைப்புண்ணே. எங்கிட்ட ஸ்கூட்டி இருக்குது. நானே ஊர் ஊராப் போயி மறுபடி கேட்டு எழுதிகினு வந்துடறேன்."

"இந்த வெயில்ல நீ எதுக்கும்மா போற?" என்றார்.

"போவாம எப்டிண்ணே? தொட்டி வராமப் போயிடுமே." கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டையும் பேனாவையும் எடுத்தாள். மிஞ்சியிருந்த ஃபைலைத் திரையில் கொண்டுவந்தாள். "இது எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க. அத விட்டுட்டு மீதி முப்பத்தோரு ஊருக்குப் போறேன்."

கன்னியப்பன் ஜன்னலிலிருந்து திரும்பவேயில்லை.

"முப்பத்திரெண்டு ஊருக்கும் அந்த ஒன்னத்தாம்மா போட்டு வெச்சேன்."