காவலுக்கு வைத்த ஆள்

சொன்னதை எல்லாம் நடத்திக் காட்டும் மந்திரக்கோல் அந்த அறைக்குள் பூட்டிக் கிடந்தது. காவலாளி வாசலை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கதவைத் திறப்பா. கோலை உடைச்சுப் போட்டாத்தான் ஊருக்கு நிம்மதி," என்றார் வந்தவர்.

"வர்றவங்க எல்லாரும் நல்லதுக்குன்னுதான் கேக்கறாங்க. நேத்து வைத்தியர் வந்தார். தங்கமான மனுஷன். காய்ச்சல்காரங்களுக்காகக் கேட்டார். குடுக்கலையே."

"என்மேலயும் சந்தேகமா?"

"பெத்த தாய் வந்தாலும் சந்தேகம்தான்."

"அந்தக் குணத்துக்காகத்தானே உன்னைக் காவலுக்கு வச்சேன். கோலைச் செஞ்சவனே நான்தான். உடைக்க எனக்கு உரிமை இல்லையா?"

காவலாளி அசையவில்லை.

"இருக்கலாங்கய்யா. நான் அதைத் தொட்டதுகூட இல்லை. ஆனா அது உள்ளே இருக்கிற வரைக்கும்தான் வைத்தியரும் ஊர்த் தலைவரும் என் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. உடைச்சுட்டா என்னை எவன் மதிப்பான்? நீங்க கிளம்புங்க."